குழித்தட்டா, மேட்டுப்பாத்தியா? தை, மாசி நாற்றுக்கு எது சரி

வெண்டை, பயறு, வெள்ளரி, தடியங்காய் (சாம்பல் பூசணி) எல்லாவற்றையும் நேரே குழியில் ஊன்றிவிடலாம். நாற்று விடவேண்டியது தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும்தான். வைகாசிப் பாதிக்குப் பிறகு தென்மேற்கு மழை தொடங்குவதற்குள் தக்காளியில் நல்ல பறிப்பு பார்க்க வேண்டுமென்றால், தை பாதியிலேயே விதை மண்ணில் இருக்க வேண்டும். இந்த முறை நான் குழிகுழியாக உள்ள நாற்றுத்தட்டை, அதாவது குழித்தட்டை, ஒதுக்கிவிட்டு மேட்டுப்பாத்தியில்தான் விதைத்தேன்.

குழித்தட்டின் நன்மைகள் தெரிந்தவைதான். 98 குழி உள்ள தட்டுக்குச் சுமார் 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு போதும், குழிக்கு ஒரு விதை, விதைச் சேதம் குறைவு. வேர்க்கட்டு உடையாமல் நாற்று வெளியே வரும், நட்ட மறுநாளே நிமிர்ந்து நிற்கும். பங்குனி வெயிலில் நடுகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தண்ணீர்? ஒரு குழிக்குள் இருப்பது ஒரு கைப்பிடி கூடக் கிடையாது. காலையில் நனைத்துவிட்டு வேலைக்குப் போனால், மாசி வெயிலுக்கு மதியத்துக்குள் ஓரக்குழிகள் காய்ந்துவிடும். மொட்டை மாடியில் வைத்திருந்தால் இன்னும் மோசம், தரைச்சூடும் சேர்ந்துகொள்ளும். நிழல்வலை கட்டினால் கொஞ்சம் தாங்கும், அப்போதும் மத்தியானம் ஒரு தரம் பூவாளி பிடிக்க வீட்டில் ஆள் வேண்டும். சரி, காலையிலேயே நிறைய ஊற்றிவிடலாம் என்றால் ஈரம் தேங்கி நாற்றழுகல் வரும். தண்டு அடியில் சுருங்கி, நாற்று படுத்துவிடும். நார்க்கழிவில் சத்தும் அதிகம் இல்லை என்பதால் இடையில் உரக்கரைசல் வேறு தெளிக்க வேண்டும். பாத்தி இவ்வளவு படுத்தாது. கீழே ஆழமாக ஈரம் நிற்பதால் ஒரு வேளை தவறினாலும் நாற்று பொறுத்துக்கொள்ளும். பகலில் ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

பாத்திக்கு உழைப்பு முன்கூட்டியே தேவை, அதை மறைக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சரளைச் செம்மண் மழையில் அலசப்பட்டு, அமிலம் ஏறிப் புளித்துக் கிடக்கும். சுண்ணாம்புத்தூளை முதலில் கலந்து, இரண்டு வாரம் கழித்துச் சாணியுரம் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். சாணி நன்றாக மக்கியிருக்க வேண்டும், சலித்துத்தான் போட வேண்டும். தென்னை நிற்கிற ஊரில் சாணிக்குழி என்றால் காண்டாமிருக வண்டின் புழு இல்லாமல் இருக்காது. அது மக்கினதைத் தின்கிற புழுதான், ஆனால் பாத்திக்குள் புரண்டு திரிந்தால் பிஞ்சு வேர் அந்தரத்தில் நிற்கும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், கோழிக்குக் கொண்டாட்டம்.

பாத்தி 1 மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம். விதையை டிரைகோடெர்மா விரிடி என்ற, நாற்றழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சைத் தூளில், கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் புரட்டி, 10 செ.மீ. இடைவெளியில் கோடு கிழித்து விதையுங்கள். மேலே வைக்கோல் மூடாக்கு. கும்பப்பூ (மாசி வாக்கில் அறுக்கிற நெல்) அறுப்புக்கு முன் என்றால் பழைய வைக்கோலே போதும். முளை தலைகாட்டியதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நாற்று வெளிறி நீண்டுவிடும். விதையை எறும்பு இழுக்காமல் இருக்கச் சுற்றிலும் சாம்பல் தூவலாம்.

மண்ணிலிருந்து வேர் வழியாகத் தொற்றிச் செடியை வாடவைக்கும் பாக்டீரியா வாடல் நோய்ப் பிரச்சினையில் தட்டு தப்பிக்கவைக்கும் என்று சொல்வார்கள். நாற்றுப் பருவத்துக்கு அது உண்மை, நட்ட பிறகு அதே மண்தானே? அங்கே ரகம்தான் காப்பாற்றும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா தக்காளி ரகங்களும் சூர்யா, ஹரிதா கத்தரி ரகங்களும் வாடலைத் தாங்குபவை. புளிப்பு மண்காரர்கள் தேடி வாங்கலாம்.

மிளகாயில் எனக்கு அனுபவம் குறைவு. மெதுவாக முளைக்கிற விதை என்பதால் அதற்கு மட்டும் தட்டு பரவாயில்லை என்று தோன்றுகிறது. அப்புறம், விற்பனைக்கு ஆயிரக்கணக்கில் நாற்று விடுகிறவர்கள் கணக்கே வேறு, அவர்களிடம் ஆளும் நிழல்வலையும் இருக்கும்.

தக்காளி நாற்றை 25 நாள் வாக்கில், கத்தரியை 30 முதல் 35 நாளில் பிடுங்குங்கள். பிடுங்கும் முன் பாத்தியை நன்றாக நனைத்து, சாயங்காலம் நட்டு, மேற்குப் பக்கம் ஒரு ஓலைத்துண்டைச் சாய்த்துக் குத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் தலை தொங்கும், பிறகு பிடித்துக்கொள்ளும்.