பெஞ்ச்ல உக்கார்றதா, வேற காலேஜுக்கு போறதா: ஹர்ட்ஸும் பிரையன்ட்டும்

2018 ஜனவரி 1, அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலோட பெரிய மேட்ச்ல ஒண்ணான சுகர் பவுல்ல அலபாமா குவாட்டர்பேக் (டீமோட ஆட்டத்தை நடத்தி பந்தை வீசறவர்) ஜேலன் ஹர்ட்ஸ், கிளெம்சன் குவாட்டர்பேக் கெல்லி பிரையன்ட், ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஆடுனாங்க, அலபாமா 24-6னு ஜெயிச்சுது. அந்த வருஷம் முடியறதுக்குள்ள ரெண்டு பேருக்குமே ஸ்டார்ட்டர், அதாவது மேட்ச் ஆரம்பத்துல இறங்கறவர்ங்கற இடம் போயிடுச்சு.

பிரையன்ட் கதை சீக்கிரம் சொல்லிடலாம். செப்டம்பர்ல நாலு மேட்ச் முடிஞ்சதும் டிரெவர் லாரன்ஸ்தான் ஸ்டார்ட்டர்னு சொல்லிட்டாங்க, நாலு மேட்சுக்கு மேல ஆடலன்னா அந்த சீசன், காலேஜ்ல ஆட கிடைக்கற வருஷக் கணக்குல வராதுங்கற ரூல் அப்பதான் வந்திருந்துச்சு, அதை யூஸ் பண்ணி அவர் கிளம்பி மிசூரி போயிட்டார். கிளெம்சன் அந்த சீசன் சாம்பியன். 2020ல புரொஃபஷனல் டீம்கள் காலேஜ் பிளேயர்களை எடுக்கற டிராஃப்ட்ல பிரையன்ட்டை யாரும் எடுக்கல. ஆனா ஒரு வருஷத்தை காப்பாத்திக்கிட்டது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஹர்ட்ஸ் நிலைமை இன்னும் கொடுமை, அந்த சுகர் பவுலுக்கு அடுத்து ஜார்ஜியா கூட ஃபைனல்ல ஹாஃப் டைம்ல 0-13, அங்கேயே அவரை உக்கார வெச்சு டீமோட இன்னொரு குவாட்டர்பேக் டுவாவை இறக்கிட்டாங்க, டீம் ஜெயிச்சும் போச்சு. இருந்தாலும் அவர் போகல. 2018 டிசம்பர்ல அதே அட்லாண்டா ஸ்டேடியம், அதே ஜார்ஜியா, டுவாவுக்கு அடி, ஸ்கோர் 21-28. ஹர்ட்ஸ் உள்ள வந்து ஒரு டச்டவுன் பாஸ் போட்டு, இன்னொன்னு தானே ஓடி அடிச்சு 35-28னு முடிச்சார், இப்ப பார்த்தாலும் கண்ணு கலங்கும்.

அப்புறம்தான் கிளம்பினார், அதுவும் டிகிரிய கையில வாங்கிட்டு, டிகிரி முடிச்சவங்க காலேஜ் மாறினா உடனே ஆடலாம்ங்கறதால ஓக்லஹோமால உடனே ஆட முடிஞ்சுது, 2019ல சிறந்த காலேஜ் பிளேயருக்கான ஹைஸ்மன் விருது ஓட்டுல ரெண்டாவது இடம். என்னைக் கேட்டா ஹர்ட்ஸ் ரூட்தான், டிகிரிக்கு கொஞ்ச மாசம்தான் பாக்கின்னா தாராளமா இருந்துட்டு போலாம்.