ஆறு மாலையோ, ஆறு மணியோ?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் உள்ள இந்தப் பூக்கடைக்கு நான் ஐந்து நட்சத்திரமும் குடுப்பன். எங்கட வைரவர் பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினது: "வெள்ளி மாலை 6 வேணும்." ஐந்து நிமிசத்தில் கடைக்கார ஐயா போன் எடுத்தார். "பிள்ளை, ஆறு மாலையோ, ஆறு மணியோ?"

எனக்குத் தேவை காலமைக்கு ஆறு பூமாலை. போன வருசம் வேறொரு கடை கேளாமலே விளங்கிக்கொண்டு, பொங்கல் முடிஞ்ச பிறகு பின்னேரம் ஒற்றை மாலையோட வந்து நின்றது. அம்மா அழுதுபோட்டா.

பேச்சில் இந்த மயக்கம் வராது. பொழுதை நாங்கள் பின்னேரம் என்றுதான் சொல்லுவம். எழுதேக்கைதான் 'மாலை' வந்து குந்தும். (வெள்ளிக்கும் இரண்டு பொருள்!) சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்று பள்ளிக்கூடத்தில் படிச்சம். புலவருக்கு இரண்டு பொருளும் வேணும். பூக்கட்டுறவருக்கு ஒன்று போதும், அதை அவர் கேட்டே எடுத்தார்.

வாழைநாரில் நெருக்கிக் கட்டின மல்லிகை, இடைக்கிடை துளசி. வாங்கேக்க மொட்டு, பானை பொங்க எல்லாம் விரிஞ்சிட்டுது. முதல்நாளே சொல்லி வையுங்கோ.