சினை உறுதி என்று சொல்லி விற்ற முயல்கள்

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று இனவிருத்திக்கு முயல் தேடிக்கொண்டிருப்பவர்கள் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போனது பணம் மட்டும் என்றால் இவ்வளவு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் மகளுக்கு 13 வயது. மாணவர் செயல்திட்டத்துக்கு முயல் வளர்ப்பை எடுத்தாள். ஓர் ஆண், இரண்டு பெண் வாங்கி, ஒரே ஒரு ஈற்று எடுத்து, குட்டிகள் பால் மறக்கும்வரை பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவர வேண்டும். விற்றவர் நன்றாகப் பேசினார். நியூசிலாந்து வெள்ளை இனம், மூன்றுக்கும் ஆறு மாதம், ஆண் வேறு தாய்க்குப் பிறந்தது, ஒரு பெண் பத்து நாள் சினை என்றார். “சினை உறுதி சார், தொட்டுப் பார்த்துட்டேன்.” ஒரு துண்டுச் சீட்டில் இணை சேர்த்த தேதியைக்கூட எழுதிக் கொடுத்தார். மூன்றையும் ஒரே கூண்டில் விடலாம், பழகிய முயல்கள் என்றார். அதையும் நம்பினோம்.

முயலுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். மகள் கணக்குப் போட்டு, 28ஆம் நாள் வைக்கோல் பரப்பிய பெட்டியைக் கூண்டுக்குள் வைத்தாள். முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும் என்று காத்திருந்தோம். 31 போனது, 35 போனது. போன் செய்தால், “சிலது தள்ளிப் போகும் சார்” என்றார். அடுத்த முறை எடுக்கவே இல்லை. பெட்டியை வெளியே எடுத்துவிட்டோம்.

உண்மையைக் காட்டியது அவள் நோட்டுதான். ஞாயிறுதோறும் கூடையில் வைத்து எடை போட்டு எழுதியிருந்தாள். வந்த அன்று சினை முயலின் எடை 2.1 கிலோ. ஐந்து வாரம் கழித்து 3 கிலோ. சினையால் ஏறுகிறது என்று நான்தான் அவளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். இரண்டாம் மாதம் கூண்டில் சண்டை. ஒன்றின் காது கிழிந்து ரத்தம். கால்நடை மருத்துவர் மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆறு மாத முயல் வாரம் 180 கிராம் ஏறாது, வாங்கும்போது இரண்டரை மாதம் இருந்தாலே அதிகம், அந்த வயதில் சினைக்கு வாய்ப்பே இல்லை என்றார். இரண்டு பெண்களில் ஒன்றுக்கு விதை இறங்கியிருந்தது. அதுவும் ஆண்தான்! வாங்கும்போது அங்கே ஒரே ஒரு தாய் முயல்தான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு தாயாவது ஒன்றாவது, மூன்றும் ஒரே ஈற்றுக் குட்டிகள்.

அப்புறம் முதல் ஆணின் உதட்டை விலக்கிக் காட்டினார். மேல் பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் வந்து பொருந்த வேண்டும். இந்த ஆணுக்கோ மேல் பல் பின்னால் போயிருந்தது. முயலின் பல் சாகும்வரை வளரும். சரியாகப் பொருந்தாவிட்டால் தேயாது, நீண்டு வாயைக் குத்தும். இந்தக் குறை வழிவழியாகவும் வரலாம் என்பதால் இதை இணை சேர்க்கவே கூடாது என்றார். மூன்றையும் தனித்தனிக் கூண்டில் விடச் சொல்லிவிட்டு, “ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம், இன்றிலிருந்து நாள் எண்ணுங்கள்” என்றார்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். ஒருமுறை சினை சினை என்று காத்திருந்து ஏமாந்ததில் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றரை வாரம் கழித்து ஒரு விடியற்காலை, பெட்டி இல்லாத கம்பித் தளத்தில் ஏழு குட்டிகள். முடி இல்லை, கண் திறக்கவில்லை, விரல் நீளம். தாய் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அதுவே இன்னும் வளர்ந்து முடியாத குட்டி. ஐந்து விறைத்துக் கிடந்தன. அசைந்த இரண்டை மகள் துணியில் சுற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். குளிர்ந்த குட்டியை முதலில் சூடாக்கிவிட்டுத்தான் தாயிடம் விட வேண்டும். ஒன்று அன்றிரவே போய்விட்டது. இன்னொன்றின் வயிறு மறுநாள் காலை பால் குடித்து உருண்டையாக இருந்தது.

வாங்கப் போகிறவர்கள் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு முயலைக் கையில் எடுங்கள். பல்லைப் பாருங்கள். முன்னங்காலின் உள்பக்கம் முடி ஒட்டிப் பிசுபிசுவென்று இருந்தால் மூக்கொழுகலை அதில் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காதுக்குள் பழுப்புப் பொருக்கு இருந்தால் சொறி. பின்பக்கம் அழுக்காக இருந்தால் கழிச்சல். ஆணா பெண்ணா என்று உங்கள் கண்முன் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள், தாய் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் சலித்துக்கொள்கிறவரிடம் வாங்காதீர்கள். மூன்று மாதம் ஆனதும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். சினை என்று சொல்லி விற்றால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

பிழைத்த குட்டியை அவள் தோழி ஒருத்தி கேட்டாள். எட்டு வாரம் முடிந்த பிறகுதான் கொடுத்தாள். கூடவே ஒரு சீட்டு: பிறந்த தேதி, ஞாயிற்றுக்கிழமை எடைகள், கீழே கொட்டை எழுத்தில், ‘தாயும் தகப்பனும் உடன்பிறப்புகள். தகப்பன் எது என்று தெரியாது, பல் கோணலான ஆணாகவும் இருக்கலாம். இதை இணை சேர்க்கக் கூடாது.’