காசிமேடா, பொன்னேரியா, காட்டுப்பள்ளியா? ஒரு நினைவோட்டத்துக்கு மூன்று பாதைகள்

டிசம்பர் 26 அன்று சுனாமி நினைவாக ஓர் ஓட்டம் நடத்தலாம் என்று எங்கள் வடசென்னைக் காலை ஓட்டக் கும்பல் முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்தப் பாதை என்பதில்தான் மூன்று வாரமாகத் திருவொற்றியூர்த் தேரடி டீக்கடையில் சண்டை. மொத்தம் 15 பேர். 2004-ல் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பையன்கள். மீதிப் பேரில் சிலர் அன்றைக்குக் கரையிலேயே இருந்தவர்கள். அதனால் இது வெறும் கிலோமீட்டர் சண்டையாக நிற்கவில்லை.

பேசிப் பேசிக் கடைசியில் மூன்று பாதைகள் மிஞ்சின. ஒன்று, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தொடங்கி எண்ணூர் விரைவு சாலையில் கடலை ஒட்டியே கத்திவாக்கம் வரை போய்த் திரும்புவது. அடுத்தது, மணலியில் தொடங்கி டி.பி.பி. சாலையைப் பிடித்து மீஞ்சூர், பொன்னேரி, அங்கிருந்து கிழக்கே திரும்பிப் பழவேற்காடு. இன்னொன்று, காட்டுப்பள்ளியிலிருந்து கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டின் மேலேயே வடக்கு நோக்கிப் பழவேற்காடு வரை.

“மாரத்தான்னா 42.195. அதுல ஒரு மீட்டர் குறைஞ்சாலும் நான் வரல” என்று எங்களில் ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஃபுல், அதாவது முழு மாரத்தான், ஓடியவர்கள் எங்களில் நான்கே பேர், அதில் அவர் ஒருவர். அந்தக் கணக்குப்படி பார்த்தால் முதல் பாதை ஆரம்பத்திலேயே விழுந்துவிடும். போய்வர 21-தான் தேறும். ஆனால் அந்த 42.195 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். 1896-ல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தபோது தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு எதிரே முடித்தார்கள். அந்தக் கணக்குத்தான் 1921-ல் உலகத்துக்கே நிலையான தூரமாகிவிட்டது. மாரத்தான் போரில் வென்ற செய்தியை ஏதென்ஸுக்குக் கொண்டு ஓடியதாகச் சொல்லப்படும் கிரேக்க வீரனுக்கும் அந்தக் கடைசி 195 மீட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த வீரனின் பாதையிலும் எங்களுடையதைப் போலவே ஒரு தகராறு உண்டு என்பது எனக்குப் பெரிய ஆறுதல். மாரத்தான் சமவெளியிலிருந்து ஏதென்ஸுக்கு இரண்டு வழிகள். கடலோரமாகத் தெற்கே வந்து உள்நாட்டுக்குத் திரும்புவது ஒன்று: 40 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் குறைவு. பென்டெலி மலைப்பக்கமாக ஏறி இறங்குவது இன்னொன்று: சுமார் 35 கிலோமீட்டர், ஆனால் முட்டியைப் பெயர்த்துவிடும். கி.மு. 490-ல் செய்தி கொண்டுபோனவன் எதில் ஓடினான், அப்படி ஒருவன் ஓடினானா என்றே இன்றுவரை வாக்குவாதம். சமகாலத்தை ஒட்டிய பதிவில் அவன் ஓடியது ஸ்பார்ட்டாவுக்கு, உதவி கேட்டு. ஏதென்ஸுக்கு ஓடி விழுந்து இறந்த கதை பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது.

இன்று நவம்பர் தோறும் அங்கே நடக்கும் ஓட்டம் கடலோர வழியைத்தான் எடுத்துக்கொள்கிறது. நேயா மாக்ரி, ரஃபினா என்று கடற்கரை ஊர்கள். அப்புறம் உள்ளே திரும்பி பிகெர்மி, பல்லினி. பாதி வழிக்கு முன்பே தொடங்கும் ஏற்றம் 31-வது கிலோமீட்டர் வரை விடாது. பிறகு இறக்கம், முடிவில் சலவைக்கல் மைதானம். நம் மூன்று பாதைகளிலும் மொத்த ஏற்றம் என்று பார்த்தால் ஒரு மேம்பாலம், இரண்டு மேம்பாலம். அதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பாதையில் இரண்டு விஷயங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. முதல் 6 கிலோமீட்டருக்குள் ஓட்டம் நேர்ச்சாலையை விட்டு விலகி, போரில் இறந்த 192 ஏதென்ஸ்காரர்களைப் புதைத்த மண்மேட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிச் சாலைக்கு வருகிறது. நேரம் வீண்தான், ஆனால் யாரும் அதை வெட்டச் சொல்வதில்லை. இன்னொன்று மாட்டி. ரஃபினாவுக்குப் பக்கத்தில் உள்ள கடலோரக் குடியிருப்பு. 2018 ஜூலையில் காட்டுத்தீ மலையிலிருந்து இறங்கி, இந்த ஓட்டம் நடக்கிற அதே பெருஞ்சாலையைத் தாண்டி அந்த ஊரைத் தின்றது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர் தப்பக் கடலைப் பார்த்து ஓடினார்கள். 2004-ல் நம் ஆட்கள் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினார்கள். இதைப் படித்ததிலிருந்து மணலி வழிமேல் எனக்கிருந்த ஆசை பாதியாகிவிட்டது.

ஆசை இருந்ததை மறைக்கவில்லை. திருவொற்றியூர், பொன்னேரி, பஞ்செட்டி என்ற மூன்று ஊர்ப் பெயரின் சுருக்கம்தான் டி.பி.பி. சாலை. தேரடியிலிருந்தே தொடங்கினால் பழவேற்காடு போய்ச்சேர 45-ஐத் தாண்டிவிடும்; மணலியில் தொடங்கினால் ஃபுல்லுக்குக் கணக்கு ஏறக்குறைய சரியாக விழுகிறது. மீஞ்சூர் தாண்டியதும் சம்பா நெல் பச்சை, தண்ணீர் நிற்கும் வரப்புகளில் கொக்கு, பனைமரம். பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் போகிற சாலை ஓடுகிறவனுக்கென்றே போட்டதுபோல் இருக்கும். கடைசியில் பழவேற்காடு: சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி, டிசம்பரில் பூநாரைகள், டச்சுக்காரர்கள் விட்டுப்போன கல்லறைத் தோட்டம். அந்த ஊரும் 2004-ல் அடிபட்டதுதான். எனவே அங்கே போய் முடிப்பதில் ஒரு நியாயம் உண்டு.

ஆனால் தொடக்கம் மணலி. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது அதில் மணலியும் இருந்தது. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை எல்லாம் தாண்டி மணலி புதுநகர் வரும்வரை வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஓடு என்பார்கள். மூக்கால் ஓடினாலும் அதே காற்றுதான். போதாததற்கு டிரெய்லர் வரிசை. நான் ஒரு ஞாயிறு அதிகாலை அங்கே ஓடிப் பார்த்தேன். ஒரு டிரெய்லர் டிரைவர் கண்ணாடியை இறக்கி, “இன்னாபா, பஸ்ஸ வுட்டியா?” என்றார். பதில் சொல்ல மூச்சு இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு குறை. 40 கிலோமீட்டர் கடலையே பார்க்காமல், கடலில் போனவர்களுக்காக ஓடுவது. தண்ணீர் கொடுக்க ஆள் நிறுத்தலாம், ஆம்புலன்ஸுக்கு வழி உண்டு, பொன்னேரியில் அரசு மருத்துவமனை உண்டு. ஏற்பாடு செய்கிறவர் பார்வையில் இதுதான் முதல் இடம். நினைவோட்டம் என்ற பார்வையில் எனக்கு இது கடைசி இடம்.

மணல்திட்டுப் பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போட்டோவுக்கு அதை அடித்துக்கொள்ள முடியாது: வலப்பக்கம் கடல், இடப்பக்கம் கழி, நடுவே குப்பங்கள். ஆனால் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தது டிசம்பர் முதல் வாரத்தில். கடல் கரையை அரித்துக்கொண்டிருக்கும் ஒற்றைச் சாலையில் ஒரு கூட்டத்தையே ஓடவிட்டு, ஒருவருக்கு மயக்கம் வந்தால் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவது? இரண்டே முனைதான். தவிர காசிமேட்டு ஆட்கள் வந்து சேரவே விடிந்துவிடும், ஏனென்றால் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோரமாக நேரே தாண்ட வழியில்லை. உள்ளே சுற்றித்தான் போகவேண்டும். நாலு பேராகத் தனியே போய் ஓடிவிட்டு வரலாம். கூட்டமாக வேண்டாம்.

இனி காசிமேடு. இதற்கு எதிராகச் சொல்லப்பட்டதையெல்லாம் முதலில் ஒப்புக்கொள்கிறேன். கன்டெய்னர் லாரி இங்கேயும் உண்டு, மணலியைவிட அதிகமாகவே. போக்குவரத்துக் காவலின் அனுமதி இல்லாமல் ஓர் அடி ஓட முடியாது. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக விழுந்தால் மீன் வாங்க வரும் கூட்டத்தில் தொடக்கக் கோடு போடவே இடமிருக்காது. வடக்கே போகும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். அது திரும்பும்போது முதுகைத் தள்ளும் என்பதால் கழித்துவிடலாம். கருவாடு காயும் வாசனை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் வடசென்னையில் ஏன் ஓட வருகிறார்கள் என்பது தனிக் கேள்வி.

அப்புறம் பாதையைப் பாருங்கள். துறைமுக வாசலை விட்டதும் வலக்கை ஓரம் முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கும். அது அழகுக்குப் போட்டதல்ல. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் கட்டியபோது அது வழியில் நின்றுவிட்டது. தெற்கே மெரினா அகலமானது. மணல் வராமல் போன வடக்கே கரை கரைந்தது, தெருத்தெருவாகக் கடலுக்குள் போனது. சுனாமி ஒரே நாளில் செய்ததைக் கடல் இங்கே நூறு வருடத்துக்கு மேலாக மெல்ல மெல்லச் செய்துகொண்டிருக்கிறது. மணலியிலிருந்து ஓடினால் இந்தக் கல் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி. அவரைப் பற்றி ஓடிக்கொண்டே யோசிப்பது நல்லதல்ல, ஓடவே தோன்றாது. அதைத் தாண்டி எர்ணாவூர். இங்கேதான் எங்கள் குழுவின் சின்னப் பையன் ஒருவன் நல்ல யோசனை சொன்னான். சுனாமிக்குப் பிறகு வீடு இழந்தவர்களுக்குக் கட்டிய சுனாமி குடியிருப்பு எர்ணாவூரில் இருக்கிறது; சாலையை விட்டு உள்ளே போய் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம், அந்தத் தூரத்தைக் கத்திவாக்கம் முனையில் குறைத்துக்கொள்வோம் என்றான். கிரேக்க மேட்டைப் பற்றி நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவனுடைய பாட்டி வீடு அங்கே, அவ்வளவுதான் காரணம். அங்கே செத்தவர்களைச் சுற்றுகிறார்கள். இங்கே மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பாட்டிகளைச் சுற்றலாம்.

அதற்கு மேலே சின்னக்குப்பம், பெரியகுப்பம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி இங்கே கடலடியில் போகும் ஓர் ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சு முட்டிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் வெளியே ஓடினார்கள். காலையில் சுனாமி நினைவு நாள், இரவில் இது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படிந்து, வலையும் படகும் கறுத்துக் கிடந்தன. நினைவோட்டம் ஒன்றின் பாதை நினைக்க வேண்டியதன் ஊடே போகவேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான 21 கிலோமீட்டர் எனக்குத் தெரியவில்லை.

ஃபுல்காரர் விடவில்லை. “ஹாஃபுக்குப் பேரு மாரத்தானா?” என்றார். வேண்டுமானால் அவரும் மற்ற மூவரும் இரண்டு முறை போய்வரலாம் என்றோம். கோபித்துக்கொண்டு டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குக் காசிமேட்டுக் கரையில் இருந்த அண்ணன் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு, விசைப்படகில் போகிறவர். இத்தனை நாளும் வாயே திறக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “அன்னிக்கு எவன்பா எண்ணூர் பக்கமா ஓடனான்? கடலுக்கு முதுகக் காட்டிக்கினு மேக்கால ஓடனோம். நீ வடக்க தெற்க கோடு போட்டுக்கினு இருக்கியே” என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்து அவரிடமே போனேன்: கடைசி அரை கிலோமீட்டர் துறைமுக வாசலுக்குப் போகாமல் மேற்கே திரும்பி அவர் தெருவுக்குள் போய் முடிக்கலாமா அண்ணே? காலையில் கரையில் பாலூற்றிப் பூப்போட வருகிறவர்களுக்கும் நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம். “தெரு சின்னது, சேர் போட்ருவாங்க. நான் பேசறேன்” என்றார்.

நேரக் கணக்கும் அவரோடு உட்கார்ந்து போட்டதுதான். சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்தது நம் நேரப்படி காலை 6.28. டிசம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் எழுவதும் ஏறக்குறைய அப்போதுதான், அதனால் தொடங்கும் நேரத்துக்குத் தனி விவாதமே வேண்டியிருக்கவில்லை. எங்கள் சராசரி ஓட்டக்காரர் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் எடுத்துக்கொள்வார். ஹாஃபுக்கு 2 மணி 28 நிமிடம். 9 மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அவர் கடலை விட்டு மேற்கே அண்ணன் தெருவுக்குள் திரும்பியிருப்பார். அலை வந்தது 9 மணி வாக்கில். அண்ணன் என் நோட்டை வாங்கி 8.56 என்று எழுதியிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெதுவாக ஓடுகிறவர்களை முன்னாடியே அனுப்பிவிடு என்று மட்டும் சொன்னார்.