ஹட்டன் குஷன் கடையில தைச்ச ஸ்கீ பேக்: ரெண்டு ட்ரிப் போய் வந்து எழுதுறேன்

மொதல்லயே சொல்லிர்றேன், இது கம்பெனி பேக் இல்ல. ஹட்டன் டவுன்ல ஆட்டோவுக்கு சீட் கவர், ஹூட் எல்லாம் தைக்கிற ஒரு சின்ன குஷன் கடையில அளவு குடுத்து தைச்சது. பட்ஜெட் எயார்லைன்ல ஸ்கீ சாமான் கொண்டு போறவங்களுக்கு, முக்கியமா என்ன மாதிரி டுபாய் ஷார்ஜா பக்கம் வேல செய்ற நம்ம மலையகத்து பிள்ளைங்களுக்கு உதவும்னு தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நான் டிக்கோயா பக்கம். ஷார்ஜாவுல ஹோட்டல் வேல. குளிர் காலத்துல எங்க ஸ்டாஃப் கொஞ்ச பேரு சேந்து லீவு போட்டு ஜோர்ஜியா போவோம், திபிலிசியில எறங்கி அங்கருந்து ஒரு 120 கிலோமீட்டர் கொக்கேசிய மலையில ஏறினா குடவுரி, பனிச்சறுக்குக்கு ஏத்த எடம், செலவும் ஐரோப்பா மாதிரி இல்ல. எங்ககூட வேல செஞ்ச ஒரு செர்பியாக்காரர் ஊரோட போறப்ப அவரோட 158 சென்டிமீட்டர் ஸ்கீயையும் (கால்ல மாட்டுற சறுக்கு பலகை) போல்சையும் (கையில ஊன்றுற கம்பு) கம்மி விலைக்கு எனக்கு குடுத்துட்டு போனாரு. அதுலருந்து தான் பேக் பிரச்சின ஆரம்பிச்சிச்சு.

மொத தடவ ஒரு ஃப்ரெண்டோட வீல் வச்ச ஸ்கீ பேக்க எரவல் வாங்கிட்டு போனேன். பாக்க அழகு, இழுக்க சுகம். ஆனா வெறும் பேக்கே 4.6 கிலோ. நான் காசு கட்டியிருந்தது 20 கிலோவுக்கு, அதுவும் ஒரே பொதியா தான் இருக்கணும். கவுன்டர்ல வச்சா 21.8. அந்த புள்ள ஒண்ணும் கோவமா பேசல, ஆனா விடவும் இல்ல. லைன்ல நிக்கிற அத்தன பேருக்கும் முன்னால தரையில ஒக்காந்து ஜிப்ப தெறந்து ஸ்கீ பூட்ஸ் ரெண்டையும் வெளிய எடுத்து கழுத்துல தொங்கப்போட்டுக்கிட்டு போனேன், கேட்ல ஹேண்ட் லக்கேஜையும் நிறுத்துப் பாத்தாங்க, பூட்ஸோட சேத்து அது கூடிருச்சு, கடைசியில காசு கட்டித்தான் ஏறினேன். ரெண்டு நாள் சம்பளம். அழுகையே வந்திருச்சு.

போன டிசம்பர் லீவுக்கு வீட்டுக்கு வந்தப்ப அம்மாகிட்ட இத சொன்னேன். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க, நிறுவைய பத்தி அவங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்க தேவல்ல. கேட்டுட்டு, "சாக்கு கனத்தையும் நம்ம கொழுந்துல தான வெட்டுவாங்க, ரெண்டு கிலோ கொறைஞ்சாலும் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) தான், அப்ப நீ சாக்க தான் மாத்தணும்"னாங்க. நானோ அதுவரைக்கும் எந்த சட்டைய கொறைக்கிறது எந்த சொக்ஸ கொறைக்கிறதுன்னே யோசிச்சிட்டு இருந்தேன். அம்மா சொன்னது தான் சரி. நமக்கு குடுக்கிற 20 கிலோவுல அஞ்சு கிலோவ பேக்கே தின்னா மிச்சம் என்ன இருக்கு?

ஸ்கீய நான் ஊருக்கு கொண்டு வரல, அதனால ரூம் மேட்டுக்கு கோல் பண்ணி நுனிலருந்து நுனி வரைக்கும் அளந்து, குதிகால் பூட்டுற பைண்டிங் எந்த எடத்துல வருதுன்னும் பாத்து சொல்ல சொன்னேன். அத ஒரு நூல்ல முடிச்சு போட்டு எடுத்துக்கிட்டு போனேன். கடையில தைக்கிறவர நாங்க நானான்னு (முஸ்லிம் அண்ணன்) தான் கூப்பிடுவோம், அவருக்கு அறுபது வயசிருக்கும். "தூண்டில் கம்பு போடவா மகள்?"னு கேட்டாரு. ஃபோன்ல படம் காட்டினதும் புரிஞ்சுக்கிட்டாரு, பழைய பலகை ஒண்ண நூல் அளவுக்கு அறுத்து அதையே ஸ்கீயா வச்சிக்கிட்டு வேலய தொடங்கினாரு.

இவரோட கைவேலைய பத்தி கொஞ்சம் சொல்லணும். நான் முழுக்க ரெக்சின்ல கேட்டேன், வேணாம் கனம் ஏறிரும்னுட்டு, ஸ்கூல் பேக் தைக்கிற தண்ணி புடிக்காத துணிய உடம்புக்கு போட்டாரு, ரெக்சின் ரெண்டு முனைக்கு மட்டும். ஸ்கீயோட ஓரத்துல இரும்பு தகடு ஓடும், அது துணிய அறுக்கும்னு சொன்னதுக்கு பழைய டயர் டியூப்ப வெட்டி முனைக்கு உள்பக்கம் வச்சு தைச்சாரு. பைண்டிங் வர்ற எடத்துல மட்டும் சீட் ஸ்பொஞ்ச். ஜிப்புக்கு மேல ஒரு மடிப்பு விட்டு ப்ரெஸ் பட்டன், ஆட்டோவுக்கு மழை படங்கு போடுவாங்களே அதே மாதிரி. அடியில நாலு ஐலெட் (வளையம் வச்ச ஓட்டை) அடிச்சாரு, பனி உருகி நிக்கிற தண்ணி வழிஞ்சிரும். இத நான் கேக்கவே இல்ல. கடையில விக்கிற பேக்ல இப்படி நான் பாத்ததில்ல.

பேக் வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு கையில தூக்கி பாத்து "ஒன்றரை கிலோ வராது"னாங்க. கொக்கி தராசுல மாட்டினா 1.4.

கொறையும் இருக்கு. மூணு நாள்ல தாரேன்னு சொன்னது எட்டு நாள் ஆச்சு, சிவனொளிபாதமலை சீசன் தொடங்குற நேரம், வேன்காரங்க எல்லாம் சீட் தைக்க வந்து நிக்கிறாங்க, நான் ஃப்ளைட்டுக்கு ரெண்டு நாள் இருக்கிறப்ப தான் கையில கெடைச்சது. தோள் பட்டிய மொதல்ல சரி நடுவுல வச்சிட்டாரு, ஸ்கீ நடுவுல பாரம் நிக்காது, பைண்டிங் பக்கம் இழுக்கும், பூட்ஸையும் அந்தப் பக்கமே வச்சா நடக்கிறப்ப பின்னால தொங்கி காலுல இடிக்கும். பிரிச்சு தைச்சு குடுத்தாரு, காசு வாங்கல. வீல் கெடையாது, அதனால ஏர்போட்ல தூக்கித்தான் நடக்கணும், முதுகு வலி இருக்கிறவங்க யோசிங்க. தையல் ஓட்டை வழியா மழை கொஞ்சம் எறங்குது, உடுப்ப பொலித்தீன்ல போட்டுக்கங்க. எல்லாமா 7,800 ரூபா.

ஜனவரில நான் கட்டின கணக்கு: ஸ்கீ பைண்டிங்கோட 6.1, போல்ஸ் அரை கிலோ, பேக் 1.4, ஹெல்மட் அரை கிலோ (அதுக்குள்ள கையுறை, சொக்ஸ் திணிச்சிருங்க, எடம் வீணாகாது), பூட்ஸ் 3.9, மத்த உடுப்பு ஒரு 6 கிலோ. கவுன்டர்ல 18.4 காட்டிச்சு. அந்த வீல் பேக்கா இருந்தா இதே சாமான் 21.6. ஸ்கீ ரெண்டையும் அடிப்பக்கம் அடிப்பக்கமா சேத்து ரெண்டு எடத்துல கட்டி, சுத்தி உடுப்ப வச்சா அடி படாது. பெரிய ஜக்கெட்ட பேக்ல வைக்காதீங்க, போட்டுக்கிட்டு ஏறுங்க. என்னோடது நுவரெலியா பேல் பஜார்ல வாங்கினது, குடவுரி குளிருக்கு தாராளமா தாங்கிச்சு. பவர் பேங்க், சூடு ஏத்துற சொக்ஸோட பேட்டரி எல்லாம் கைப்பையில தான், கார்கோவுல போடக்கூடாது. போல்ஸ கைப்பையோட உள்ள விட மாட்டாங்க.

இன்னொண்ணு, நீள சாமானுக்கு ஒவ்வொரு எயார்லைனும் ஒவ்வொரு சட்டம். சிலதுல சாதாரண 20 கிலோவுக்குள்ளயே ஸ்கீ போகலாம், ரயன்எயார் மாதிரி சிலதுல ஸ்கீக்குன்னு தனியா காசு கட்டணும். டிக்கட் போடுறப்பவே பாத்து கட்டிருங்க, ஏர்போட்ல போய் கட்டினா கூட தான் போகும்.

மொத தடவ போறவங்க இதெல்லாம் ஒண்ணும் வாங்க வேணாம், ஸ்கீயும் பூட்ஸும் குடவுரியிலயே வாடகைக்கு கெடைக்கும். ரெண்டாவது தடவையும் போவோம்னு மனசு சொன்னா பூட்ஸ மட்டும் சொந்தமா வாங்குங்க, அடுத்தவங்க காலுக்கு பழகின பூட்ஸ்ல நாள் முழுக்க நிக்கிறது பெரிய வேதனை. ஸ்கீ அதுக்கு அப்புறம் தான்.

தைக்கணும்னா டிசம்பர் கூட்டத்துல போகாதீங்க, மூணு வாரம் முந்தியே சொல்லுங்க, பைண்டிங் எங்க வருதுன்னு கட்டாயம் குறிச்சு குடுங்க. 158 ஸ்கீயா இருந்தா என்னோட நூல் இன்னும் நானாகிட்ட ஆணியில தொங்குது, அதுக்கு மேல நீளம்னா உங்க நூல நீங்களே முடிச்சு போட்டு கொண்டு போங்க.