மாதச் சந்தாவா, சொந்த ஹார்ட் டிஸ்க்கா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலுக்குத் துணையாகப் பாட்டு போடலாம் என்று பிளேலிஸ்ட்டைத் திறந்தால் பதினோரு பாட்டு சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. சந்தா ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறேன், போனும் மாற்றவில்லை, ஆனால் பாட்டின் உரிமையை வைத்திருப்பவருக்கும் ஆப் நடத்துபவருக்கும் இடையில் ஏதோ முறிந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த ஆப் என்பதை விடுங்கள், இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சரிகம பாட்டுகள் அதிலிருந்து போய், 2020-ல்தான் திரும்பி வந்தன. சரிகம என்றால் பழைய எச்.எம்.வி. அறுபதுகள், எழுபதுகளின் தமிழ்ப் பாட்டில் பெரும்பங்கு அவர்களிடம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் எம்.எஸ்.வி. பாட்டில் பாதி இல்லாத ஆப்பைத் தமிழ் வீட்டில் எதற்கு வைத்திருப்பது?

சரி, சொந்தமாக வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று மார்தட்டலாம் என்றால், எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. 2015 டிசம்பரில் நாங்கள் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தோம். கம்ப்யூட்டர் பெட்டியை எல்லோரையும் போல மேசைக்கு அடியில், தரையில் வைத்திருந்தேன். தண்ணீர் வந்த வேகத்தில் அரிசி மூட்டையையும் சான்றிதழ் கோப்பையும் தூக்கினோமே தவிர, பாட்டு ஞாபகத்துக்கே வரவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்து சேர்த்தது அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தார், உள்ளே சேறு சலசலத்தது. "உள்ள போட்டோ ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். பாட்டுதான் என்றேன். அப்படியென்றால் காசைச் செலவழிக்காதீர்கள் என்று சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எட்டு வருடம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நிலைமை தலைகீழ். இப்போது இரண்டாவது மாடி, வீட்டுக்குள் தண்ணீர் இல்லை. ஆனால் மூன்று நாள் கரன்ட்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. ஆப்பில் டவுன்லோடு செய்து வைத்திருந்தது நாற்பது பாட்டோ என்னவோ, அதுவும் பையனுடைய வேலை. மழையும் இருட்டுமாக இருந்த அந்த மூன்று நாளும் ஓடியது என் பழைய போனில் கிடந்த ஒரு மெமரி கார்டுதான். பவர் பேங்க்கில் உயிர் கொடுத்துக் கொடுத்து ஓட்டினோம்.

ஆக, ஒன்று வெள்ளத்தில் போகும், இன்னொன்று சிக்னலோடு போகும். பத்திரம் என்று எதையும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்து வைக்கலாம். ஆப்பில் இருப்பதை அப்படி எடுத்து வைக்க வழியில்லை. டவுன்லோடு என்று அவர்கள் சொல்வது பூட்டுப் போட்ட கோப்பு. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்துக்கு வந்து தலையைக் காட்டாவிட்டால் அந்த டவுன்லோடும் போய்விடும். கடையே மூடிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். கூகுள் ப்ளே மியூசிக் 2020-ல் போனது, ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது, விங்க்கை மூடப்போவதாக அதே வருடம் ஆகஸ்டில் ஏர்டெல் சொல்லிவிட்டது. இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. ஃப்ளிப்கார்ட் 2012-ல் 'ஃப்ளைட்' என்று ஒரு பாட்டுக் கடை திறந்து மறு வருடமே மூடியது. ஆனால் அதில் விற்றது பூட்டில்லாத எம்பி3. அன்றைக்குக் காசு கொடுத்து இறக்கி வைத்தவர்களிடம் அது இன்றும் ஓடும். கடை போனாலும் சரக்கு வீட்டில் இருக்கிறது, மளிகைக் கடை மாதிரி.

காசுக் கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பாட்டிஃபை இங்கே தொடங்கியபோது மாதம் 119 ரூபாய். அதற்கப்புறம் எல்லா இடத்திலும் விலைப்பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் பழைய 119-ஐ வைத்துப் போட்டாலும் பத்து வருடத்துக்கு 14,280 ரூபாய் ஆகிறது. மறுபக்கம், 320 கேபிபிஎஸ் எம்பி3-யில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 12 எம்பி பிடிக்கும், 5000 பாட்டுக்கு 60 ஜிபி, ஒரு 128 ஜிபி கார்டில் பாதிதான் நிறையும். ஆனால் இந்தக் கணக்கில் பாட்டின் விலை இல்லை, உட்கார்ந்து ஒழுங்குபடுத்தும் நேரமும் இல்லை. அதைச் சேர்த்தால் சந்தாதான் மலிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய தலைவலி பேர் விஷயத்தில்தான், அது இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆப்பில் தமிழ்ப் பாட்டுத் தேடுவது தனிக் கலை. ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதும் விதம் ஆளுக்கு ஒன்று, ஒற்று ஒரு இடத்தில் இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது, எஸ்.பி.பி.யின் பேரே நாலைந்து எழுத்துக்கூட்டலில் நாலைந்து ஆளாக நிற்கும். ஒரே பாட்டு பத்துத் தொகுப்புகளில் வரும், மூலப் படத்தின் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. பாடலாசிரியரை வைத்துத் தேடிக் கிடைத்தால் அன்றைக்கு லாட்டரி அடித்த மாதிரி. இதைச் சொல்லிவிட்டு என்னுடைய பழைய சேகரிப்பை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. பர்மா பஜாரில் வாங்கிய, ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு அடைத்த எம்பி3 சிடிகளும் பிரவுசிங் சென்டரில் இறக்கியதும்தான் அதில் பாதி. 'டிராக் 07' என்று பேர், ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் ஏதோ ஒரு டாட் காம், ஆல்பம் என்ற இடத்தில் அதே டாட் காம். அது திருட்டுச் சரக்கு, வெள்ளத்தில் போனதற்கு அழ எனக்கு உரிமையில்லை என்று என் மனைவி சொல்வாள். சரிதான்.

ஆனால் சொந்தக் கோப்பில் தப்பைத் திருத்தலாம், அங்கேதான் எனக்கு ஆப் தோற்றுப்போகிறது. கர்நாடக இசைக்கு இது ரொம்பப் பொருந்தும். ஆப்பில் ராகம் தானம் பல்லவியை மூன்று நான்காக வெட்டி வைத்திருப்பார்கள், தனி ஆவர்த்தனம் தனி டிராக்காகக் கிடக்கும், ஷஃபிளில் போட்டால் சினிமாப் பாட்டு இரண்டுக்கு நடுவில் திடீரென்று மிருதங்கம் மட்டும் பத்து நிமிடம் வரும். சந்தா கட்டாதவர் கதை இன்னும் மோசம், ஆலாபனை முடிந்து பாடகர் கீர்த்தனையைத் தொடங்கும் நேரத்தில் பெயின்ட் விளம்பரம். என் கோப்புகளில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளை வைத்து 'ஜானர்' என்று இருக்கும் இடத்தில் ராகத்தின் பேரைப் போட்டுவிட்டேன். இப்போது கரகரப்பிரியா என்று தட்டினால் பதினேழு உருப்படி வரிசையாக நிற்கிறது, நாலு தலைமுறைப் பாடகர்கள் ஒரே ராகத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று ஒரு மாலை முழுக்கக் கேட்கலாம். மார்கழியில் கச்சேரிக்குப் போகிற முன்பு இதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்று, எந்தப் பதிப்பு என்பது. எண்பதுகளின் பாட்டுகளை ஆப்பில் கேட்டால் சிலது பளபளவென்று சுத்தம் செய்யப்பட்டு, ஓசை ஏற்றப்பட்டு வரும். பேஸ் கிட்டாரும் வயலினும் தனித்தனியாக நின்ற இடம் ஒரே சுவராகிவிட்டிருக்கும். எக்கோ, ஓரியண்டல் என்ற இசை நிறுவனங்களின் முத்திரையோடு வந்த பழைய சிடிகளை இன்றும் சிலர் வலைபோட்டுத் தேடுவது இதனால்தான். அதில் பாதி வெறும் பழம்பெருமை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எம்டிசி பஸ்ஸில் முன்னூறு ரூபாய் இயர்போனில் கேட்கிறவருக்கு ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பு எதற்கு?

அப்பாவிடம் ஒரு கேசட் இருக்கிறது, தொண்ணூறு நிமிட டேப். தி.நகரில் ஒரு ரிக்கார்டிங் சென்டரில் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வாங்கியது. ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில் டேப் தீர்ந்து அறுந்துபோகும். அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, அறுந்த பாட்டுக்குப் பதில் முழுப் பாட்டை எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்பா கேட்டுவிட்டு, "இதுல இன்னொரு சரணம் இருக்காப்பா?" என்றார். முப்பது வருடமாக அவருக்கு அது தெரியாது! முழுப் பாட்டு எனக்குக் கிடைத்தது ஆப்பில் தேடித்தான் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

புதுப் பாட்டு கண்டுபிடிக்க ஆப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. படம் வருகிற முன்பே பாட்டு வந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ்ப் பையன்களின் ராப், மலேசியப் பாட்டு, சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்கள் இவையெல்லாம் ஆப் இல்லாமல் என் காதுக்கு வந்திருக்காது. ஒரே குறை, வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் கேட்டால் அதற்குப் பித்துப் பிடித்துவிடும். அம்மா விடியற்காலையில் பக்திப் பாட்டு போட, பையன் அதற்குமேல் குத்துப் பாட்டு போட, எனக்கு ஜிம்மில் 'உங்களுக்காக' என்று திருப்பாவை வருகிறது.

சொந்தமாக வாங்குவது என்று முடிவெடுத்தால் இன்று எங்கே வாங்குவது என்பதுதான் சங்கடம். புதுப் படப் பாட்டு சிடியாக வருவது அநேகமாக நின்றுவிட்டது. சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்கள் சிலர் பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் கோப்பாகவே விற்கிறார்கள், பணத்தில் பெரும்பகுதி அவர்களுக்கே போகும். பழையது என்றால் பழைய சிடியைத் தேடி வாங்கி நீங்களே எடுத்து வைப்பதுதான். பொறுமை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. வருடத்துக்கு ஒரு சந்தா, குடும்பப் பிளான், ஆளுக்கொரு கணக்கு. அதில் மூன்று மாதத்துக்கு மேல் திரும்பத் திரும்பக் கேட்கிற பாட்டு எதுவோ, அதைக் காசு கொடுத்து வாங்க முடிந்தால் வாங்கி ஹார்ட் டிஸ்க்கில் சேர்க்கிறேன். டிஸ்க் இரண்டு, ஒன்று எங்கள் பீரோவின் மேல்தட்டில், இன்னொன்று அம்பத்தூரில் தங்கை வீட்டில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றிக்கொள்வோம். காரில் ஒரு பென்டிரைவ். அதில் கோப்புக்குத் தமிழில் பேர் வைத்தால் ஸ்டீரியோ வெறும் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது, அதனால் பேர் இல்லாமல் எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். 14 என்ன பாட்டு, 32 என்ன பாட்டு என்று அம்மாவுக்கு மனப்பாடம்.