பதினொரு மாரி கண்ட நீலப் பரல்

2014 டிசம்பர் வெள்ளத்தில் மட்டக்களப்பில் எங்கள் சித்தாண்டி வீட்டுக் குசினியில் காஸ் சிலிண்டர் மிதந்து வந்து கதவில் முட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த அரிசி மூட்டை ஊறிப் பொங்கிப் பிரிந்துவிட்டது. மாமியின் காணி உறுதியில் மை கரைந்து ஓடியிருந்தது. இனி வெள்ளம் வந்தாலும் சாப்பாட்டுச் சாமானும் கடதாசிகளும் நனையாமல் இருக்க, அடுத்த மாதமே செங்கலடிக்குப் போய் ஒரு 60 லீட்டர் நீல பிளாஸ்டிக் பரல் வாங்கினேன். இரும்பு வளையம் போட்டுப் பூட்டும் கறுப்பு மூடி.

பழைய பரல் வாங்குகிறவர்கள் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டே வாங்குங்கள். பூச்சி மருந்து, அசிட் இருந்த பரலைச் சும்மா தந்தாலும் வேண்டாம். என்னுடையது ஊறுகாய்ப் பரல். எத்தனை முறை கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தும், முதல் வருடம் ஆக்கிய சோற்றில் அந்த மணம் இருந்தது. பிள்ளைகள் கறி கேட்காமல் தின்றதுதான் லாபம்.

முதல் வருடம் நான் செய்தது முழுப் பிழை. நிரப்பிப் பூட்டிவிட்டு, கோயில் உண்டியல் மாதிரித் தொடாமலே விட்டேன். அடுத்த மாரிக்குத் திறந்தால் கோதுமை மாவில் வண்டு, மெழுகுதிரி உருகி பிஸ்கட் பைக்கற்றோடு ஒட்டிக்கிடக்கிறது, டோர்ச்சுக்குள் விட்டிருந்த பற்றரி கசிந்து டோர்ச்சையே தின்றுவிட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மாமிதான், "சாமானத் திண்டாத்தானே மனே புதுசு வரும்" என்றார்.

அதன் பிறகு புரட்டாதியில் நிரப்புவோம், தைப்பொங்கல் முடிந்ததும் எடுத்துச் சாப்பிடத் தொடங்குவோம். புழுங்கல் அரிசி 10 கிலோ, பருப்பு 2 கிலோ, சீனி, தேயிலை, உப்பு, சின்னப் பைக்கற்றில் பால்மா, டின் மீன் ஆறு. அரிசிக்குள் செத்தல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும். மாவை அடியோடு நிறுத்திவிட்டேன். டின் மீனில் திகதி மட்டும் பார்த்தால் போதாது. விளிம்பில் துரு பிடித்திருந்தாலோ மூடி உப்பியிருந்தாலோ எறிந்துவிட வேண்டும்.

2024 நவம்பர் கடைசியில்தான் பெரிய சோதனை. வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். பரலுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை, ஆனால் பரலே மிதந்து போய்க் கதவுக்குக் குறுக்கே சரிந்து கிடந்தது. உள்ளே 30 கிலோ சாமான் இருக்கிறது, அசையாது என்று நம்பியிருந்தேன். 60 லீட்டர் பரலுக்கு 30 கிலோ எம்மாத்திரம்! இப்போது நைலோன் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன்.

அந்த முறை கிணறும் கலங்கிவிட்டது. குளங்களின் வான்கதவு திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே நாலு 20 லீட்டர் கானை நிரப்பி வைத்தது காப்பாற்றியது. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாலு நாள் போனது. குளிப்பு, கழுவல் எல்லாம் மழைத் தண்ணீரில். கானை வருடம் முழுக்க நிரப்பி வைக்காதீர்கள், பிளாஸ்டிக் மணம் வந்துவிடும்.

வெளிச்சத்துக்கு சோலார் லைட் வாங்கியது என் புத்திசாலித்தனம். மாரியில் வெயிலுக்கு எங்கே போவது? சாதாரண டோர்ச்சே போதும், பற்றரியை வெளியே கழற்றி வைத்தால். ரேடியோவை நானே கேலி பண்ணியிருக்கிறேன். 2025 நவம்பரில் டிட்வா புயலோடு கரண்டும் போன் சிக்னலும் போனபோது, அக்கம்பக்கத்துச் சனம் எல்லாம் எங்கள் விறாந்தையில் வந்து செய்தி கேட்டது.

அடுப்பு விஷயத்தில் மாமி ஜெயித்துவிட்டார். 2022இல் காஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை என்று வரிசையில் நின்ற காலத்தில், பரணில் உரப்பை நிறைய அவர் சேர்த்து வைத்த சிரட்டைதான் சோறாக்கியது. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளிக்குப் பிறகு விழுந்த தென்னைக்குக் குறைவில்லை, காய்ந்த விறகுதான் இல்லை என்பார்.

இன்னும் சரிவராத ஒன்று மருந்து. மாமிக்குப் பிரஷர் குளிசை கிளினிக்கில் மாதக் கணக்குக்குத்தான் கிடைக்கும். மிச்சம் பிடிக்க வழியில்லை. இப்போது கிளினிக் நாளுக்கு ஒரு கிழமை முன்பே மழை கறுத்தால், கொப்பியோடு போய் பார்மசியில் ஐந்து நாளுக்குக் காசு கொடுத்து வாங்கி வைக்கிறேன். கொப்பி, அடையாள அட்டை, பிறப்புச் சான்று, புதிதாக எடுத்த உறுதிப் பிரதி எல்லாம் இரண்டு பொலித்தீன் பைக்குள், பரலின் மேல் தட்டில்.

இந்த முறை மூடியின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டது. தனியாக அது எங்கும் கிடைக்கவில்லை. சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறேன். வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தேன், இதுவரை கசியவில்லை.